லயத்தை விட்டு வீடு வாங்கலாமா?

கேள்வி: வட்டகொடையில் லயத்தில் இருக்கிறோம். ஹட்டன் பக்கம் புதிய வீட்டுத் திட்டத்தில் ஒரு வீடு வாங்கலாம் என்கிறான் மகன். என் சேமலாப நிதிப் பணமும் அதில் போகும். அல்லது தோட்ட மக்களுக்கு அரசு காணியோடு தரும் வீட்டுக்குக் காத்திருப்பதா?

பதில்: அம்மா, அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள். இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள். 2017 மே மாதம் நோர்வூட்டில் மோடி மேலும் 10,000 அறிவித்தார். உங்கள் முறை எப்போது வருமோ!

ஆனால் அவசரப்பட்டு முற்பணம் கட்டாதீர்கள். காணி யாருடையது? தோட்டக் காணி பெரும்பாலும் அரசுடையது, கம்பனிகள் குத்தகைக்காரர்கள்தான். உறுதியை நீங்களே அமர்த்தும் நொத்தாரிசிடம் கொடுத்துக் காணிப் பதிவகத்தில் பழைய பதிவுகளைத் தேடச் சொல்லுங்கள். விற்பவர் காட்டும் ஆள் வேண்டாம்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை மண்சரிவு. 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் லயங்களே புதைந்து போயின. நீங்கள் வாங்கும் நிலத்துக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைக் கேளுங்கள். அடைமழை நாளில் நேரில் போய் வீட்டின் பின்பக்கம் மண் வெட்டிய இடத்தைப் பாருங்கள். அடியில் கலங்கல் தண்ணீர் ஊறினால், சுவரில் வெடிப்பு இருந்தால், எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்காதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் வாங்குங்கள். கொழுந்தெடுத்துச் சேர்த்த பணம் அது. உறுதியில் மகன் பெயரோடு உங்கள் பெயரும் இருக்க வேண்டும்.