பி.பி.ஏ. சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு

சென்னீர்குப்பத்திலிருந்து பி.பி.ஏ., பி.காம். படிக்கப் போகும் பிள்ளைகளே, சிறு பட்டறைகளுக்குக் கணக்கு எழுதியே குடும்பம் நடத்தியவன் நான். உங்கள் பாடப் பட்டியலைப் பார்த்தேன். மேலாண்மைக் கோட்பாடுகள், நிதிக் கணக்கியல், வணிகச் சட்டம், புள்ளியியல், சந்தைப்படுத்தல், மனிதவளம் என்று எல்லாம் வேண்டிய பாடங்கள்தான். ஆனால் மூன்று வருடம் முடித்து வரும் பலருக்கு, ஒரு தொழிலில் பணம் எந்தத் தேதியில் உள்ளே வருகிறது, எந்தத் தேதியில் வெளியே போகிறது என்று சொல்லத் தெரிவதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. உங்கள் ஊரைச் சுற்றி என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வடக்கே ஆவடியில் 1961-இல் வந்த கனரக வாகனத் தொழிற்சாலை. வடகிழக்கே அம்பத்தூர் தொழிற்பேட்டை. தென்மேற்கே இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் செய்யும் ஹூண்டாய். பெரிய கம்பெனிக்கு உதிரிபாகம் கொடுப்பவர் ஒருவர், அவருக்கு வேலை செய்து கொடுப்பவர் இன்னொருவர், அவருக்கும் கீழே இரண்டு லேத்து போட்டுக்கொண்டு ஒருவர். பாடப்புத்தகத்தில் வரும் சப்ளை செயின் இதுதான். அதைப் பார்க்க நீங்கள் பஸ் ஏறினால் போதும்.

2. லாபம் வேறு, கையிருப்பு வேறு. இந்த ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டு வெளியே வந்தாலும் படித்த காசு வீணாகாது என்பேன்.

ஒரு கணக்குப் போடுவோம். பட்டறைக்காரர் 1,20,000 ரூபாய்க்கு இரும்பு வாங்குகிறார். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 1,41,600 கொடுக்கிறார். கூலி, கரண்ட், வாடகை 55,000. சரக்கை 2,00,000 ரூபாய்க்கு விற்று, 36,000 வரி சேர்த்து பில் போடுகிறார். லாபம் 25,000. டேலி கணக்கு மென்பொருளில் அழகாகத் தெரியும்.

சரக்கு வாங்கிய பார்ட்டி பணம் தருவதோ 90 நாள் கழித்து. ஆனால் பில் போட்ட மாதத்தின் வரியை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். பார்ட்டி கொடுத்தாரா இல்லையா என்று அரசாங்கம் கேட்காது. இரும்புக்குக் கொடுத்த வரியைக் கழித்தாலும் 14,400 கட்ட வேண்டும். கூட்டிப் பாருங்கள்: 2,11,000 ரூபாய் வெளியே போயிருக்கிறது, ஒரு ரூபாய்கூட உள்ளே வரவில்லை. லாபம் சம்பாதித்த மனிதர் அடுத்த லோடு இரும்பு வாங்க வழியில்லாமல் நிற்கிறார்.

அப்போது அவர் வட்டிக்கு வாங்குகிறார். அந்த 2,11,000-ஐ மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு இரண்டு மாதம் வைத்திருந்தால் 8,440 போகும். ஐந்து வட்டி என்றால் 21,100. மிஞ்சுவது 3,900. ஆர்டர் இருந்தும் பட்டறைகள் மூடுவதற்கு இது பெரிய காரணம். வொர்க்கிங் கேப்பிட்டல் பாடத்தைப் படிக்கும்போது அந்த மனிதரின் முகத்தை நினைத்துக்கொண்டு படியுங்கள்.

3. வணிகச் சட்டத்தை மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறக்காதீர்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் தேர்வுக்கு வரும், நன்றாகப் படியுங்கள். அதோடு 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தையும் எடுத்துப் படியுங்கள். குறு, சிறு தொழில் செய்பவரிடம் சரக்கு வாங்கினால், என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம்.

இதைத் தெரிந்த பட்டறைக்காரர்களும் கேட்பதில்லை, கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது. ஆனாலும் பில்லில் பணம் தர வேண்டிய தேதியை எழுதுவதற்கும், தவணை தாண்டும் முன் மரியாதையாக ஒரு கடிதம் போடுவதற்கும் பயப்பட வேண்டியதில்லை. அதை எழுதத் தெரிந்த பிள்ளை ஒருவர் பட்டறையில் இருந்தால் போதும்.

4. மார்க்கெட்டிங் என்றால் விளம்பரம் என்று நினைக்காதீர்கள். கடலூரில் 1983-இல் சி.கே. ரங்கநாதன் 15,000 ரூபாயோடு தொடங்கியது சிக் ஷாம்பு. பாட்டில் வாங்க முடியாதவர்கள் சின்ன உறையில் வாங்குவார்கள் என்ற புரிதல்தான் அதற்கு அடிப்படை. வாங்குகிறவரின் கையில் அன்றைக்கு எவ்வளவு காசு இருக்கும் என்று யோசிப்பதுதான் அந்தப் பாடத்தின் உயிர்.

5. மேலாண்மைப் பாடத்தில் வரும் டெய்லர், ஃபயோல், மாஸ்லோ மூவரையும் படியுங்கள், ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். மனிதவளப் பாடம் படிக்கும்போது வீட்டில் யாருடைய சம்பளச் சீட்டையாவது வாங்கிப் பாருங்கள். தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.க்குச் சம்பளத்தில் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். உங்கள் அப்பாவுக்கோ அக்காவுக்கோ அது பிடிக்கப்படுகிறதா, சரியாகக் கட்டப்படுகிறதா என்று பார்க்கத் தெரிந்தால் வீட்டுக்கே பயன்.

6. கடைசி வருட ப்ராஜெக்ட்டை ஜெராக்ஸ் கடையில் விலைக்கு வாங்காதீர்கள். போகாத கம்பெனியின் இன்டர்ன்ஷிப் சான்றிதழையும் வாங்காதீர்கள். இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. பீஸ் கட்ட நகையை அடகு வைத்த வீடுகள் நம் தெருக்களில் இருக்கின்றன. ஒரு பட்டறையில் ஒரு மாதம் உட்கார்ந்து டெலிவரி சலானையும் பில்லையும் ஒத்துப் பாருங்கள். எந்தப் பாகம் திரும்பி வருகிறது, ஏன் வருகிறது என்று குறித்து வையுங்கள். புள்ளியியல் தானாகப் புரியும்.

7. தெரிந்தவர் யாராவது பட்டறையோ சின்னக் கம்பெனியோ நடத்தினால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். யாரிடம், எவ்வளவு, எத்தனை நாளாகப் பணம் நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். குறு, சிறு தொழில் என்பதற்கான உத்யம் பதிவு இல்லையென்றால் அடுத்த சரக்கு அனுப்புவதற்கு முன்பே இணையத்தில் பதிவு செய்து கொடுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.