ஊர்தோறும் தேடிய கல்வி

நுழையும்முன்

பள்ளிக்குச் செல்லாமல் வீட்டிலிருந்தே கற்கும் வளரிளம் பருவத்தினர் இன்றும் உள்ளனர். பாடநூல்களை வீட்டிலேயே படித்துவிடலாம். ஆசானையும் தோழரையும் எங்கே பெறுவது? இவ்வினாவிற்கு நம் மண்ணின் வரலாறு ஒன்று விடை தருகிறது.

தந்தையின் வழித்துணை

கொள்ளிடத்திற்கு வடக்கே அமைந்த தா.பழூர், உடையார்பாளையம், அரியலூர், குன்னம் ஆகிய ஊர்களைக் கொண்ட நிலப்பகுதி, இசையையும் தமிழையும் போற்றி வளர்த்தது. உடையார்பாளையம் சமீனின் ஆதரவில் வாழ்ந்த கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர் வேங்கடசுப்பையர். அவருடைய மகனே 1855இல் பிறந்த உ.வே.சாமிநாதையர்.

இராமாயணக் கதை சொல்லிப் பொருளீட்டிய தந்தை, ஊர்விட்டு ஊர் சென்றார். அதனால் மகன் ஓரிடத்தில் நிலைத்துக் கற்க இயலவில்லை. திண்ணைப் பள்ளியில் எழுத்தறிவு பெற்றார். வீட்டில் தந்தையிடம் இசை கற்றார். அவர் உள்ளமோ தமிழையே நாடியது.

ஆசான் பலர், நூல் பல

மகனின் வேட்கையை உணர்ந்த தந்தை, தமிழறிந்தோர் வாழும் ஊர்களுக்கே குடிபெயரத் தொடங்கினார். அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம்பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் எனப் பலரிடம் அம்மாணவர் கற்றார். நன்னூலைக் கார்குடியிலும் யாப்பருங்கலக்காரிகையைச் செங்கணத்திலும் பாடம் கேட்டார். ஒருவர் அறிந்தது முடிந்ததும் அடுத்தவரைத் தேடும் பயணமாக அக்கல்வி அமைந்தது.

தோழமையின் பயன்

எனினும் ஒரு குறை இருந்தது. உடன் கற்போர் இன்றிக் கற்பவருக்குத் தம் ஐயம் தமக்கு மட்டுமே உரியதோ என்னும் அச்சம் எழும். தம் தகுதியை அளந்தறியவும் இயலாது. 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் சேர்ந்தபின் அக்குறை நீங்கியது. கிறித்தவரான சவேரிநாத பிள்ளை உடன்பயிலும் நண்பரானார். திருவாவடுதுறை மடத்தில் தம்பிரான்களுடன் அமர்ந்து பாடம் கேட்டார். உடன்கற்றோருடன் ஏற்பட்ட பழக்கம் நட்பாக முதிர்ந்தது. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகிப் பலருக்கு ஆசானாகும் நிலைக்கு அவர் உயர்ந்தார்.

இன்றைய வாயில்கள்

இன்று ஊர்விட்டு ஊர் குடிபெயர வேண்டிய தேவை குறைந்துள்ளது. வீட்டில் கற்போர் 1989இல் நிறுவப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகத் தேர்வெழுதிச் சான்றிதழ் பெறலாம். உரிய தகுதியுடையோர் மாநிலப் பொதுத்தேர்வைத் தனித்தேர்வராகவும் எழுதலாம்.

சான்றிதழ் மட்டும் தோழமையைத் தந்துவிடாது. நூலகம், விளையாட்டுத் திடல், இசை வகுப்பு, ஊர்த் திருவிழாவின் தொண்டர் குழு ஆகியவை அதனைத் தரவல்லவை. அங்கே வந்து நிற்பது வீட்டில் கற்பவரின் கடமை எனில், அவரை அழைத்து அருகில் அமர்த்திக்கொள்வது பள்ளியில் பயிலும் நம் கடமையாகும். மாயூரத்திற்கு வந்த இளைஞரை உடன்பயின்றோர் ஏற்றுக்கொண்டதும் அவ்வாறே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் பள்ளிக்கு வெளியே கற்கவும் பழகவும் வாய்ப்பளிக்கும் இடங்களைப் பட்டியலிடுக.
2. 'தனித்துக் கற்றலும் கூடிக் கற்றலும்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.