மகரந்தமும் ஆப்பிளும்

வட ஐரோப்பாவில் இளவேனிற்காலத்தே பூர்ச்ச மரங்கள் மகரந்தத்தைக் காற்றில் தூவுகின்றன. அதனால் தும்மலும் கண்ணரிப்பும் உறுவோருள் பலருக்கு, ஆப்பிளைக் கடித்த சில நிமிடங்களில் உதடும் நாவும் தொண்டையும் அரிக்கின்றன. மகரந்தம் மிகுந்த வாரங்களில் இத்தொல்லையும் மிகுவதுண்டு. பழத்தின்மீது தெளித்த மருந்தே காரணமென ஐயுறுவோர் உளர், அஃதன்று. மகரந்தத்திலுள்ள புரதமொன்றும் ஆப்பிளிலுள்ள புரதமொன்றும் அமைப்பில் ஒத்தவை. முன்னதன் மரபணுவை வியன்னா ஆய்வாளர் 1989-இல் பிரித்தறிந்தனர். மகரந்தத்திற்கென உடலில் தோன்றிய எதிர்ப்பொருள், பழப் புரதத்தையும் அதுவெனவே கொள்கிறது.

இப்பழப் புரதம் வெப்பத்தால் உருவிழக்கும். ஆகவே வேகவைத்த ஆப்பிள் பெரும்பாலோருக்குத் தீங்கு செய்வதில்லை. இரைப்பையிலும் அது விரைவில் செரித்துவிடுவதால், அரிப்பு பெரும்பாலும் வாயோடு நின்றுவிடுகிறது. பழத்தை மறுக்கும் மாணவனைப் பிடிவாதக்காரனென்று கண்டித்தல் தகாது. தொண்டை வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ அவனை உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்லல் வேண்டும்.