கைக்குள் அடங்கிய கும்மி

மாணவர்களே! வீட்டுப்பாடம் முடிந்த இரவு வேளையில், வள்ளி கும்மியின் அரை நிமிடக் காட்சி ஒன்று உங்கள் வீட்டுக் கைபேசிக்கு வந்து சேருகிறது என்று வைத்துக்கொள்வோம். பார்த்து மகிழ்கிறீர்கள். உடனே அதைச் சித்தப்பாவுக்கு அனுப்புகிறீர்கள். அவர் பொள்ளாச்சியில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும் சில விநாடிகளில் அவருக்குக் கிடைத்துவிடுகிறது. இத்தனை எளிதாகப் பயணம் செய்யும் அந்தக் காட்சியின் உண்மையான அளவு என்ன? கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். அதற்குமுன் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம்.

கூடாரத்தில் ஓடிய துண்டுப் படங்கள்

இரவில் சிறு படங்களைக் கண்டு களைப்பாறும் வழக்கம் கொங்கு நாட்டுக்குப் புதிதன்று. கோவையைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட் இரயில்வேயில் வரைவாளராகப் பணியாற்றியவர். 1905-ஆம் ஆண்டில் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில துண்டுப் படங்களையும் அவர் விலைக்கு வாங்கினார். பின்னர் கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற அரங்கை நிறுவினார். வெரைட்டி ஹால் சாலை என்ற பெயர் அதிலிருந்து வந்ததே.

அக்காலத் துண்டுப் படங்கள் மிகச் சிறியவை. 1895-இல் பாரிஸ் நகரில் லூமியே சகோதரர்கள் காட்டிய படங்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 17 மீட்டர் நீளச் சுருள். 50 விநாடிகளில் ஓடி முடிந்துவிடும். விநாடிக்குச் சுமார் 16 அசையாப் படங்கள் திரையில் விழும். அவற்றை நமது மூளை தொடர்ந்த அசைவாக இணைத்துக்கொள்கிறது. ஆகவே திரைப்படம் என்பது தொடக்க முதலே நம் புலன்களின் எல்லையைப் பயன்படுத்திக்கொள்ளும் கலை எனலாம். அன்று படத்தைப் பகிர வேண்டுமானால் கருவியையும் சுருளையும் வண்டியில் ஏற்றிச் செல்ல வேண்டும்.

கணக்கிட்டுப் பார்ப்போம்

இப்போது நம் கும்மிக்கு வருவோம். காட்சியின் ஒவ்வொரு படத்திலும் குறுக்கே 1,280, நெடுக்கே 720 புள்ளிகள் உள்ளன என்க. மொத்தம் 9,21,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றுக்கும் மூன்று பைட்டுகள் தேவை. விநாடிக்கு 30 படங்கள்; 30 விநாடிகள். எல்லாவற்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 249 கோடி பைட்டுகள்! ஆனால் கைபேசிக்கு வந்து சேரும் கோப்போ சுமார் 50 இலட்சம் பைட்டுகளே இருக்கக்கூடும். 500 பங்கில் ஒரு பங்கு! மீதி 499 பங்குகள் எங்கே போயின?

விடுபட்டவை எவை?

முதலாவது, மாறாதவை. கும்மி ஆடுவோர் வட்டமாகச் சுற்றி வருகிறார்கள். பின்னால் உள்ள கோயில் மதிலும் தென்னை மரமும் அப்படியே நிற்கின்றன. ஒவ்வொரு படத்திலும் மதிலை மீண்டும் எழுதுவானேன்? முதற் படத்தை முழுமையாக எழுதிவிட்டு, அடுத்தவற்றில் மாறிய பகுதிகளை மட்டும் எழுதினால் போதும். ஆடுவோரின் உருவத்தையுங்கூட, "இப்பகுதி இத்தனை புள்ளி வலப்புறம் நகர்ந்தது" என்று சுருக்கமாகக் குறித்துவிடலாம்.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாதவை. வெளிச்ச வேறுபாட்டை நுட்பமாக உணரும் நம் கண், நிற வேறுபாட்டை அவ்வளவு நுட்பமாக உணர்வதில்லை. எனவே நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே நிறக் குறிப்பு போதுமானது.

படத்தைச் சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்தையும் பலவகை அலைகளின் கூட்டாக எழுதும் கணித முறையும் உண்டு. மதில் போன்ற வெறும் பரப்பில் நுண்ணலைகள் ஏறக்குறைய பூச்சியம், அவற்றை விட்டுவிடலாம். பெங்களூரில் பிறந்த நசீர் அகமது என்ற அறிஞர், டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974-இல் இம்முறையை வெளியிட்டார். 1972-இல் இந்த ஆய்வுக்காக அவர் கேட்ட நிதியுதவி கிடைக்கவில்லை. ஆயினும் அவர் கைவிடவில்லை. இன்று கைபேசிகளில் ஓடும் படங்கள் பெரும்பாலும் இம்முறையையோ, இதன் வழிவந்த முறைகளையோ சார்ந்தவை.

மூன்றாவது, காதுக்குக் கேளாதவை. ஓர் ஒலி உரக்க எழும் கணத்தில், சுருதியில் அதற்கு நெருங்கிய மெல்லொலி நம் காதுக்குக் கேட்பதில்லை. கேளாத ஒலியைச் சேமிப்பானேன்? குறுந்தகட்டில் விநாடிக்கு 14,11,200 பிட்டுகள் பிடிக்கும் இசையை, எம்.பி.3 முறையில் 1,28,000 பிட்டுகளில் அடக்கிவிடலாம். அதாவது பதினோரு பங்கில் ஒரு பங்கு.

சுருளுக்கு முடிவு உண்டு

இச்சுருக்கத்தால் விளைந்த மற்றொன்றையும் நாம் சிந்திக்க வேண்டும். கூடாரத்தில் கையிருப்பிலுள்ள சுருள்கள் தீர்ந்தால் காட்சி முடிந்தது. மக்கள் எழுந்து வீடு திரும்பினர். அன்று முடிவு கருவிக்குள்ளேயே இருந்தது. இன்று காட்சிகள் 500 மடங்கு சுருங்கிவிட்டதால், அனுப்பவும் சேமிக்கவும் ஆகும் செலவு மிகக் குறைவு. ஒன்று முடிந்தால் அடுத்தது தானே வருகிறது. சுருளுக்கு இருந்த முடிவு கைபேசிக்கு இல்லை.

ஆனால் உடலுக்கு எல்லை உண்டு. 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்பது மருத்துவர்களின் பரிந்துரை. இருட்டியதும் மூளையில் மெலடோனின் என்ற சுரப்பு பெருகி, உடலை உறக்கத்துக்கு ஆயத்தப்படுத்துகிறது. இரவில் கண்ணில் படும் பிரகாசமான ஒளி அச்சுரப்பைத் தாமதப்படுத்துகிறது. காலை ஐந்து மணிக்கு எழ வேண்டிய மாணவர் இரவு ஒன்பது மணிக்காவது படுத்தால்தான் எட்டு மணி நேரம் கிடைக்கும். இதை எந்தக் கணித முறையாலும் சுருக்க இயலாது!

ஆகவே இரவு ஓய்வுக்கு ஐந்து காட்சிகள் என்று நீங்களே ஒரு சுருள் கட்டிக்கொள்ளுங்கள். வீட்டாருடன் சேர்ந்து பாருங்கள். ஐந்தாவது முடிந்ததும் கூடாரம் கலையட்டும்.

செய்து பாருங்கள்

1. கைபேசியில் ஒரே தொலைவிலிருந்து வெள்ளையடித்த சுவரை ஒரு படமும், புளியமரத்தின் இலைச்செறிவை ஒரு படமும் எடுங்கள். இரு கோப்புகளின் அளவையும் ஒப்பிடுங்கள். எது பெரியது? ஏன்?

2. கும்மியைப் படம் பிடிப்பவர் கைபேசியை ஆட்டிக்கொண்டே இருந்தால், அக்காட்சியைச் சுருக்குவது கடினமாகும். காரணம் கூறுக.