சூரமங்கலம் வரைக்கும் யார் கொண்டுபோய் விடுவது?

அம்மாபேட்டை, சேலம்

அன்புள்ள தம்பிக்கு,

கோவை–சேலம் மித அதிவேக ரயிலுக்கு அரசு பணம் போடலாமா என்று நீ எழுதிய கட்டுரையை உன் அப்பா கொண்டுவந்து கொடுத்தார். முகமெல்லாம் பெருமை. அவர் எதிரில் "நல்லா எழுதியிருக்கானுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உன்னிடம் அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ள மனம் வரவில்லை.

வாக்கியம் எப்படி அமைக்க வேண்டும், தகவலை எங்கே தேட வேண்டும் என்றெல்லாம் உனக்கு நான் பாடம் எடுக்கப்போவதில்லை. அதெல்லாம் உனக்கு வருகிறது. எனக்கு எரிச்சல் மூட்டிய இடங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, "இந்தப் பணத்தில் எத்தனை பள்ளிக்கூடங்கள் கட்டலாம்" என்ற வரி. இதை எழுதாத ஆள் நம் தொழிலில் கிடையாது. பாலம் கட்டினாலும் பள்ளிக்கூடம், சிலை வைத்தாலும் பள்ளிக்கூடம், ராக்கெட் விட்டாலும் பள்ளிக்கூடம். நீ உதாரணம் காட்டும் மும்பை–அகமதாபாத் புல்லட் ரயிலையே எடுத்துக்கொள். 508 கிலோமீட்டர். 2017 செப்டம்பரில் மோடியும் ஷின்சோ அபேயும் அடிக்கல் நாட்டியபோது சொன்ன மதிப்பு 1,08,000 கோடி ரூபாய். அதில் 81 சதவீதம் ஜப்பான் தரும் கடன், வட்டி 0.1 சதவீதம்; திருப்பிக் கட்ட 50 ஆண்டு. அந்த ரயிலுக்கென்று கொடுக்கும் கடன் அது. ரயில் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அந்தப் பணத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அயோத்தியாப்பட்டணத்தில் யாரும் பள்ளிக்கூடம் கட்டப்போவதில்லை. கடன் யென்னில் வாங்குகிறோம், ரூபாய் மதிப்பு சரிந்தால் அசல் ஏறுமே, அப்போது யார் கட்டுவது என்று நீ கேட்டிருந்தால் உட்கார்ந்து படித்திருப்பேன். பள்ளிக்கூடத்தை இழுத்ததும் எழுந்து காபி குடிக்கப் போய்விட்டேன்.

இரண்டாவது, "புல்லட் ரயிலைவிட மலிவான மித அதிவேக ரயில்" என்று ஒரே வீச்சில் எழுதிவிட்டாயே, வகுத்துப் பார்த்தாயா? இந்தியாவில் மித அதிவேக ரயிலுக்கென்றே தனியாகப் போட்டு ஓடுவது டெல்லி–மீரட் தடம்தான். 82 கிலோமீட்டருக்கு 30,274 கோடி ரூபாய் என்று கணக்கு. கிலோமீட்டருக்கு சுமார் 369 கோடி வருகிறது. புல்லட் ரயிலுக்கு அடிக்கல் நாட்டிய காலத்துத் தொகையை 508 ஆல் வகுத்தால் சுமார் 213 கோடி. வேகம் பாதி, விலை ஒன்றே முக்கால் மடங்கு! டெல்லித் தடத்தில் சுரங்கம் உண்டு, பூமிக்கடியில் நிலையம் உண்டு, அதே தண்டவாளத்தில் மீரட் மெட்ரோவும் ஓடுகிறது. புல்லட் ரயிலின் செலவும் அந்த முதல் தொகையோடு நிற்கப்போவதில்லை. அதனால் இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைப்பது நியாயமில்லை என்று நீ வாதாடலாம். வாதாடு. கணக்குப் போட்டுவிட்டு வாதாடு. 2025 மார்ச் 14 அன்று தமிழக நிதிநிலை அறிக்கையில் நிதியமைச்சராகத் தங்கம் தென்னரசு கோவை–திருப்பூர்–ஈரோடு–சேலம் தடத்துக்கு 185 கிலோமீட்டர், 160 கிலோமீட்டர் வேகம் என்று சொன்னபோது அறிவித்தது சாத்தியக்கூறு ஆய்வை. நீயோ சேலத்தில் ஏறி திருப்பூரில் இறங்கியே விட்டாய்.

பொதுப்பணம் போடலாமா கூடாதா என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. அது இல்லாமல் நம் ஊரில் ரயில் ஓடியதே கிடையாது. 1860-களின் தொடக்கத்தில் மெட்ராஸ் ரயில்வே கம்பெனி சேலத்துக்குத் தண்டவாளம் போட்டபோது, லாபம் வந்தாலும் வராவிட்டாலும் லண்டனில் பங்கு வைத்திருந்தவர்களுக்கு வருஷம் 5 சதவீதம் உண்டு என்று சர்க்கார் உத்தரவாதம் கொடுத்தது. குறைந்தால் நம் வரிப்பணத்தில் இட்டு நிரப்பினார்கள். தாதாபாய் நௌரோஜியும் ரொமேஷ் சந்திர தத்தும் அதைத்தான் வறுத்தெடுத்தார்கள். அந்த மாதிரித் தடத்தில்தான் நீயும் நானும் இன்றைக்கு ஈரோடு போகிறோம். அதனால் "பணம் போடலாமா" என்பதோடு நிற்காதே. போட்ட பணத்தால் யாருக்கு இடம் கிடைக்கிறது என்பதுவரை போ.

ஜப்பானை எல்லோரும் வேகத்துக்காக இழுக்கிறார்கள். நீயும் இழுத்திருக்கிறாய். 1964 அக்டோபர் 1-ல் டோக்கியோ–ஒசாகா ஷின்கான்சென் ஓடத் தொடங்கியதன் காரணம் வேக ஆசை மட்டுமல்ல. பழைய டோக்கைடோ தடம் பயணிகளும் சரக்குமாக நிரம்பி வழிந்தது. இன்னொரு ரயிலைச் செருக இடமில்லை. உலக வங்கியிடம் 8 கோடி டாலர் கடன் வாங்கிக் கட்டினார்கள். செலவு போட்ட மதிப்பைப்போலச் சுமார் இரண்டு மடங்கு ஆனது. அதற்குப் பொறுப்பேற்று ரயில்வே தலைவர் ஷிஞ்ஜி சோகோவும் தலைமைப் பொறியாளர் ஹிடியோ ஷிமாவும் வண்டி ஓடுவதற்கு முன்பே பதவியை விட்டார்கள். வேக வண்டிகள் புதுத் தடத்துக்குப் போனபின் பழைய தடத்தில் மெதுவாகப் போகிற வண்டிக்கும் சரக்குக்கும் மூச்சுவிட இடம் வந்தது. உன் கட்டுரையில் மித அதிவேக ரயிலுக்கு ஆதரவாக நீ எழுதியிருக்கக்கூடிய ஒரே பலமான வாதம் இது. அதை விட்டுவிட்டு "உலகத் தரம்" என்று எழுதியிருக்கிறாய்.

கேரளத்துக்குப் போகிற எக்ஸ்பிரஸ், சரக்கு, வந்தே பாரத் எல்லாம் சேலம்–கோவைத் தடத்தில்தான் போகின்றன. நடுவில் பேசஞ்சர் வண்டியை ஓரம் கட்டுகிறார்கள். 2023 ஏப்ரல் 8 முதல் ஓடும் சென்னை–கோவை வந்தே பாரத்தில் அன்ரிசர்வ்டு பெட்டி ஒன்றுகூடக் கிடையாது. கொரோனாவுக்குப் பின் பேசஞ்சரை எக்ஸ்பிரஸ் சிறப்பு ரயிலாகப் பெயர் மாற்றி, குறைந்தபட்சக் கட்டணம் பத்து ரூபாயை முப்பது ஆக்கினார்கள்; பழைய கட்டணம் திரும்பியது 2024 பிப்ரவரி கடைசியில். அதுவரை தறிக்காரன் அந்த முப்பதைச் சத்தம் போடாமல் கட்டினான். புது ரயில் வருகிறதென்றால் பழைய தடத்தில் எத்தனை பேசஞ்சர் கூடுதலாக விடுவீர்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் ஒரு ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்பேன்.

இனி என் பழைய புலம்பல். உன் அப்பாவிடம் கேள், நூறு தடவை கேட்டிருப்பார். நிலையம் எங்கே இருக்கிறது என்பதை விட்டுவிட்டு ரயிலின் வேகத்தைப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. வெள்ளைக்காரன் தண்டவாளம் போட்டபோது ஊரை விட்டு விலகி சூரமங்கலத்தில் நிறுத்தினான். ஊரின் கிழக்குக் கோடியில் நாம், மேற்குக் கோடியில் ஜங்ஷன். பழைய பஸ் ஸ்டாண்டு நெரிசல், ஐந்து ரோடு சிக்னல் எல்லாம் தாண்டி சாயங்காலத்தில் நீ அங்கே போய்ச் சேருவதற்குள் புது ரயில் மிச்சம் பிடித்துக் கொடுப்பதாக நீ சொல்கிற முக்கால் மணி நேரம் போயே போய்விடும். உன் கட்டுரையில் அம்மாபேட்டை என்ற பெயர் ஒரு தடவையாவது வருகிறதா? கடிகாரத்தைப் பிளாட்பாரத்தில் ஓட்டத் தொடங்கியிருக்கிறாய். வீட்டு வாசலில் தொடங்கியிருக்க வேண்டும்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்களுக்கு டவுன் ஸ்டேஷன்தான் ரயில். விருத்தாசலம் மீட்டர்கேஜ். அப்பா சேலை மூட்டையைத் தலையில் வைத்து நடந்தே போவார்; நான் பின்னால் சோற்றுத் தூக்கோடு. ஜன்னலுக்குள்ளிருந்து அட்டை டிக்கெட்டைத் தேதி அழுத்தும் பொறியில் ஒரு தட்டுத் தட்டிக் கொடுப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டால்தான் பயணம் உறுதி என்று எனக்கு. ஆத்தூர், சின்னசேலம், விருத்தாசலம் என்று கடலூர்ப் பக்கம்வரை அப்பாவுக்கு வாடிக்கைக் கடைகள் இருந்தன. வண்டி ஊர்ந்துதான் போகும். ஆனால் ஏறுவதற்கு நடந்து போகலாம், கையில் இருக்கும் காசுக்கு ஏறலாம், மூட்டைக்கும் இடம் உண்டு. அகலப்பாதை வந்து பல வருஷம் ஆகியும் அந்த விருத்தாசலப் பாதை இன்னும் ஒற்றைத் தடம்தான். சேலம்–கரூர்ப் பாதையும் அப்படியே. மாவட்டத் தலைநகரான நாமக்கல், லாரியும் முட்டையுமாக நாடெங்கும் பேர் வாங்கிய ஊர், முதல் பயணிகள் ரயிலைப் பார்த்தது 2013-ல். அந்த 85 கிலோமீட்டர் கரூர்ப் பாதைக்கு அத்தனை வருஷக் காத்திருப்பு. மித அதிவேகம் பற்றி எழுதுகிறவன் இதைத் தாண்டிப் போகலாமா?

இன்னொன்றையும் தாண்டிப் போயிருக்கிறாய். அதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. சேலத்தில் உட்கார்ந்து வேகத்துக்குப் பொதுப்பணம் பற்றி எழுதிவிட்டு சென்னை–சேலம் எட்டுவழிச் சாலையை எப்படி விட்டாய்? 2018-ல் 277 கிலோமீட்டர், சுமார் 10,000 கோடி, சென்னைக்குச் சீக்கிரம் போகலாம் என்றார்கள். குப்பனூர், ராமலிங்கபுரம் பக்கமெல்லாம் போலீஸ் காவலோடு கல் நட்டார்கள். தென்னந்தோப்பில் நட்ட கல்லைப் பெண்கள் பிடுங்கிப் போட்டதை நீ பள்ளிக்கூடம் போகும் வயதில் பார்த்திருப்பாய். 2019 ஏப்ரல் 8-ல் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பின் பெரும்பகுதியை மாற்றியது. சாலை மட்டும் வரவில்லை. கேரளத்தில் சில்வர்லைன் வேக ரயிலுக்கு நட்ட மஞ்சள் கல்லுக்கும் 2022-ல் இதே கதிதான். வேக வண்டிக்கு வளைவு ஆகாது, நேர்கோடு வேண்டும். நேர்கோடு யாருடைய கிணற்றின் மேல் விழும் என்று கேட்காத திட்ட அறிக்கை எதுவாக இருந்தாலும் நம் மண்ணில் நிற்காது.

இவ்வளவு திட்டிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். கடைசிப் பக்கத்தில் விருத்தாசலம் பேசஞ்சர் ஆத்தூருக்கு இந்தப் பக்கம் கிராசிங்குக்காக நிற்கிறதே, பூக்காரம்மா "இன்னும் ரெண்டு மொழம் முடிச்சிரலாம்" என்று நாரை இழுத்துக் கட்ட ஆரம்பிக்கிறாரே, அந்தப் பத்தி அபாரம். அந்தத் தடத்தில் ஆயுசுக்கும் போய்வந்திருக்கிறேன். நிற்கும் ரயிலை அப்படி ஒருத்தர் வேலைநேரமாக மாற்றிக்கொள்வதை என் கண் பார்க்கவில்லை. இந்த ஜில்லாவில் உன் வயதில் யாரும் அப்படி எழுதியதில்லை, நானும் எழுதியதில்லை. அதைக் கொண்டுபோய் அலங்காரத்துக்குக் கடைசியில் ஒட்டியிருக்கிறாயே! உன் கட்டுரையின் முழு வழக்கும் அந்த அம்மாவிடம் இருக்கிறது. ஒற்றைத் தடத்தில் அவர் எதற்காகக் காத்திருக்கிறார், இரட்டைத் தடம் போட என்ன ஆகும், 185 கிலோமீட்டருக்குப் போடப்போகும் பணத்தில் அவருக்கு என்ன வரும்? அவரை முதல் பத்தியில் உட்கார வைத்து, அமைச்சர்களையும் ஜப்பான்காரர்களையும் அவரிடம் பதில் சொல்ல வை.

திருத்தி எழுது. பள்ளிக்கூடத்தை எடுத்துவிடு, "உலகத் தரம்" வேண்டாம், வகுத்தல் கணக்கை ஒரு தடவை கையால் போட்டுப் பார். நில எடுப்புக்கு உன் வாயால் எதையும் சொல்லாதே. ராமலிங்கபுரம் போய்க் கேட்டுக்கொண்டு வா. எழுதியதை அப்பாவிடம் கொடுத்தனுப்ப வேண்டாம், நீயே கொண்டு வா. அவர் எதிரில் என்னால் திட்ட முடியவில்லை.

அன்புடன்,
உன் பெரியப்பா மாதிரி ஒருவன்