காண்டாக்ட் லென்ஸ் அணிவோர் கவனத்திற்கு

இவ்வாண்டு மலருக்கு உடல்நலம் பற்றி ஒரு கட்டுரை தருமாறு மலர்க்குழுவினர் கேட்டனர். பள்ளிக்கூடத்தில் பழகிய கை, பாடமாகத்தான் எழுத வருகிறது. பொறுத்தருள்க.

பேராக் தோட்டப்புறப் பள்ளிகளில் நான் கற்பித்த நாளில், பால் மரம் சீவும்போது பட்டைத் தூள் விழுந்தோ, லாலாங் புல் கீறியோ கண் புண்ணாகும். லயத்தில் தாய்ப்பால் விடுவார்கள். நந்தியாவட்டைப் பூவைப் பிழிவார்கள். அதனால் கிருமி சேர்ந்து புண் முற்றுவதும் உண்டு. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஈப்போவில் வேலை செய்கிறார்கள், காண்டாக்ட் லென்ஸ் அணிகிறார்கள். புண் மட்டும் அதே புண்தான்.

கருவிழியின் மேலுள்ள கண்ணாடி போன்ற படலத்தில் இரத்தக் குழாய்கள் இல்லை. தனக்கு வேண்டிய பிராணவாயுவை அது கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்தே பெறுகிறது. லென்ஸ் அதைச் சற்றுக் குறைக்கிறது. லென்ஸுடன் தூங்கினால், மூடிய இமையும் சேர்ந்து மேலும் குறைக்கிறது. வாடிய படலத்தில் சிறு கீறல் விழுந்தாலும் கிருமி எளிதில் புகுந்துவிடும். சில கிருமிகள் ஓரிரு நாளிலேயே படலத்தை அரித்துவிடும்.

2006-ஆம் ஆண்டு நடந்ததைச் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் 66 பேருக்கு ஃபுசேரியம் என்னும் பூஞ்சையால் கண்ணில் புண் ஏற்பட்டது. அநேகமாக எல்லாரும் லென்ஸ் அணிந்தவர்கள். அமெரிக்காவில் உறுதி செய்யப்பட்டவர்கள் 164 பேர். அவர்களில் 55 பேருக்குக் கருவிழி மாற்றுச் சிகிச்சை தேவைப்பட்டது. பாஷ் அண்ட் லாம்ப் நிறுவனத்தின் 'ரீனியு வித் மாய்ஸ்ச்சர்லாக்' என்ற லென்ஸ் கழுவும் திரவம் அவ்வாண்டு மே மாதம் உலகெங்கும் விற்பனையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. தொழிற்சாலையில் பூஞ்சை கலந்ததற்கு ஆய்வாளர்கள் சான்று காணவில்லை. டப்பாவிலுள்ள பழைய திரவத்தைக் கொட்டாமல் அதன்மேலேயே புதியதை ஊற்றும் பழக்கமும் ஒரு காரணம் என்று கண்டார்கள். இப்பழக்கம் இன்றும் பல வீடுகளில் இருக்கிறது.

என் பழைய மாணவர் ஒருவரின் மகள் இரவு வேலை முடிந்து வந்து லென்ஸைக் கழற்றாமல் உறங்கிவிடுவாள். கண் சிவந்ததும், வீட்டில் யாருக்கோ எப்போதோ கொடுத்து மிஞ்சிய சொட்டு மருந்தை விட்டார்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தது. சிவப்பு குறைந்தது, எல்லாரும் நிம்மதி அடைந்தார்கள். உள்ளே பூஞ்சை வளர்ந்துகொண்டிருந்தது. ஸ்டீராய்டு வலியையும் சிவப்பையும் அடக்கும், பூஞ்சைக்கோ தீனி போட்டது போலாகும். அவளுக்குப் பார்வை திரும்ப மாதங்கள் பிடித்தன. வெள்ளைத் தழும்பு நிலைத்துவிட்டது.

ஆகவே கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பட்டால் கூசினால், முதலில் லென்ஸைக் கழற்றுங்கள். கண்ணைக் கட்டிவிடாதீர்கள். அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். இரவானால் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகலாம். லென்ஸையும் டப்பாவையும் எறியாமல் எடுத்துச் செல்லுங்கள், சோதிக்க உதவும். மருத்துவர் புண்ணைச் சிறிது சுரண்டி எடுத்து, பாக்டீரியாவா, பூஞ்சையா, அமீபாவா என்று பார்ப்பார். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. மணிக்கொரு முறை, இரவிலும்கூட, மருந்து விட நேரலாம். பூஞ்சைக்கு நாட்டமைசின் சொட்டு மருந்தே மேலானது என்று மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அமீபா என்றால் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். எல்லாச் சிவப்பும் புண்ணல்ல. வறட்சியோ ஒவ்வாமையோ ஆனால் சில வாரம் லென்ஸை நிறுத்தினாலே பெரும்பாலும் அடங்கும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர், மாமியார் அல்லர்.

அந்த அமீபா பைப்புத் தண்ணீரிலும் ஆற்றிலும் இருக்கும். லென்ஸைத் தண்ணீரில் கழுவுவதும், அணிந்தபடி குளிப்பதும் கூடாது. தைப்பூசத்தன்று கல்லுமலைக்குக் காவடி எடுத்து வரும் இளைஞர்கள் நீராடுகிறார்கள். திருநீறும் சாம்பிராணிப் புகையும் வேறு. அன்றைக்கு மூக்குக் கண்ணாடியே போதும். தீபாவளிக்கு அழகுக்காகப் பாசார் மாலாமில் வண்ண லென்ஸ் வாங்கும் பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: 1991-ஆம் ஆண்டுச் சட்டப்படி, லென்ஸைத் தகுதி பெற்றுப் பதிந்தவர்களே அளவெடுத்துத் தர வேண்டும். டப்பாவை மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். புது டப்பாவின் விலை ஒரு தோசைக்குமேல் வராது.