பாட்டி பேரில் அரசு வீடு கிடைக்குமா?

"இந்த வயசுல எனக்கு எதுக்குப்பா புது வீடு? யார் தரப்போறா?" கூரை வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களிடம் அரசு வீட்டுத் திட்டம் பற்றிப் பேசினால், இந்தப் பதில்தான் வரும். உங்கள் ஊரிலும் கேட்டிருப்பீர்கள். ஆனால் இந்தத் திட்டங்களில் முதுமை ஒரு தடையே இல்லை. ஒரு திட்டத்தில் அதுவே முன்னுரிமைக்குக் காரணம். பல நேரம் குறுக்கே நிற்பது ஒரு காகிதம்தான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கலைஞரின் கனவு இல்லம்

ஊரகப் பகுதிகளில் 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்ற இலக்குடன் 2024-ல் அறிவிக்கப்பட்ட மாநில அரசுத் திட்டம் இது. வீட்டின் பரப்பு 360 சதுர அடி. ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். கட்டட வேலை முன்னேற முன்னேற, பணம் தவணையாக வரும்.

குடிசையில் குடியிருக்க வேண்டும். இடம் சொந்தமாக, பட்டாவுடன் இருக்க வேண்டும். வேறு கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது. வாடகைக் குடிசையும் மாட்டுக் கொட்டகையும் கணக்கில் வராது.

பிரதம மந்திரி வீடு வழங்கும் திட்டம் (ஊரகம்)

இதில் கணக்கெடுப்புப் பட்டியல்தான் அடிப்படை. வீடே இல்லாதவர்கள் முதலில், அடுத்து மண்சுவர், கூரை வீட்டில் இருப்பவர்கள். ஒரே நிலையில் பலர் இருந்தால் யாருக்கு முதலில்? அதற்குச் சில அளவுகோல்கள் உண்டு. அதில் ஒன்று: 16 முதல் 59 வயதுக்குள் யாருமே இல்லாத குடும்பம். தாத்தாவும் பாட்டியும் மட்டும் இருக்கும் வீடு என்றால், அது அவர்களுக்குச் சாதகம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுபவர்கள்தான் கணக்கெடுப்பில் ஒரு குடும்பம். பாட்டி தனியே பொங்கித் தனியே இருக்கிறார். ஆனால் அடுத்த தெருவில் மாடி வீட்டில் இருக்கும் மகன் குடும்பத்தோடு சேர்த்து எழுதிவிட்டார்கள் என்றால், அந்தக் குடிசை பட்டியலிலேயே வராது. கணக்கெடுக்க வரும்போது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

பட்டா யார் பேரில்?

பெரும்பாலும் சிக்கல் இங்கேதான். தாத்தா இறந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். பட்டா இன்னும் அவர் பேரிலேயே இருக்கும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் இரண்டையும் வைத்து இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்கலாம். பிள்ளைகளும் வாரிசுகள் என்பதால் கூட்டுப் பட்டாவாக வரலாம். பாட்டி பேருக்கு மட்டும் வேண்டுமென்றால், மற்றவர்கள் விடுதலைப் பத்திரம் பதிவு செய்து தர வேண்டும்.

"எப்படியும் பிள்ளைக்குத்தானே" என்று இடத்தை இப்போதே மகன் பேருக்கு எழுதிக் கொடுப்பவர்களும் உண்டு. எழுதிவிட்டால் அது அவர்களின் சொந்த இடம் இல்லை. வீட்டுக்கான தகுதியும் அதோடு போய்விடும்.

கட்ட ஆள் இல்லையே?

செங்கல், மணல், கொத்தனார் என்று அலைய முடியாது என்பதற்காகவே ஒதுங்கிக்கொள்பவர்கள் பலர். மத்திய அரசுத் திட்ட வழிகாட்டுதலில் இதற்கும் வழி இருக்கிறது. முதியவர், உடல் நலிந்தவர், மாற்றுத்திறனாளி ஆகியோர் தாமாகக் கட்ட இயலாவிட்டால், கொத்தனார் பயிற்சித் திட்டத்தின் கீழ் அந்த வீட்டை எடுத்துக் கட்டித் தர வேண்டும். ஒதுக்கீடு வந்ததும் இதை ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தாகக் கேளுங்கள்.

இப்போ என்ன செய்யலாம்?

• பட்டா, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் மூன்றிலும் பேர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள்.
• பட்டியலில் பேர் இருக்கிறதா என்று ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள்.
• ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். பயனாளிகள் பட்டியல் அங்கேதான் வைக்கப்படும். பேர் விடுபட்டிருந்தால் அங்கேயே சொல்லி, மனுவும் கொடுங்கள்.

நடக்க முடியாத பெரியவர் உங்கள் தெருவில் இருந்தால், அடுத்த கிராம சபைக்கு அவரைக் கைபிடித்து அழைத்துப் போங்கள்.